டைட்டில் கார்டில் ஏறாத பெயர்கள்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் பகுதி ஓடுகிறது. முகப்பு இசையில் வயலின் இல்லை, டிரம்பெட் இல்லை; எந்த வாத்தியம் என்று அடையாளம் சொல்ல முடியாத ஒலிகள் மட்டும். டைட்டிலில் இசைக்கு உரியவராக ரான் கிரெய்னரின் பெயரும், கூடவே 'பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்' என்ற துறையின் பெயரும் வந்தன. அந்த ஒலிகளை ஒவ்வொன்றாக உண்டாக்கிக் கோத்த டீலியா டெர்பிஷையரின் பெயர் வரவில்லை. திரையில் அது வந்தது 2013-இல், தொடரின் 50-ஆம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில். அவர் இறந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மின்னணு இசையிலும் பரிசோதனை இசையிலும் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், இயந்திரங்களில் அவர்களுக்கு நாட்டமில்லை என்ற பதில் சட்டென்று வந்துவிடுகிறது. இந்த இசையின் வரலாறு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. பெண்கள் தொடக்கத்திலேயே ஸ்டூடியோவுக்குள் இருந்தார்கள். விடுபட்டது பெயர் எழுதும் இடங்களில்தான்: வேலைக்கு எடுக்கும் தாள், டைட்டில், ராயல்டிப் படிவம், இசைத்தட்டின் உறை, விழாப் பட்டியல். இவற்றில் ஒவ்வொன்றும் முந்தையதைப் பார்த்து எழுதப்படுவது. ஒன்றில் விட்டுப்போன பெயர் அடுத்ததிலும் விட்டுப்போகும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில், அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

அந்த முகப்பு இசை உருவான விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் டைட்டிலில் விடுபட்டது எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும். கிரெய்னர் கொடுத்தது மெட்டையும் அடிநாதத்தையும் எழுதிய சுரக்குறிப்புத் தாள். சில இடங்களில் சுரத்துக்குப் பதில் 'காற்று மேகம்', 'காற்றுக் குமிழ்' என்று சொற்களால் எழுதியிருந்தார். மேகத்துக்கு என்ன ஒலி என்பதை டெர்பிஷையர்தான் முடிவு செய்ய வேண்டும். மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் கடையில் வாங்கக் கிடைக்காத காலம் அது. அவர் கையில் இருந்தவை, ஒலிக்கருவிகளைச் சோதிப்பதற்கென்று செய்யப்பட்ட, சீரான ஒலியலை எழுப்பும் ஆசிலேட்டர்கள், இரைச்சல் உண்டாக்கும் ஒரு கருவி, மீட்டிப் பதிவு செய்த ஒற்றைக் கம்பியின் ஒலி, டேப் ரெக்கார்டர்கள், பிளேடு.

டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். கால் நொடிக்கு ஒரு சுரம் வேண்டுமென்றால் மூன்றே முக்கால் அங்குலம் வெட்ட வேண்டும். டேப்பைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒலி தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறித்து, பள்ளம் வெட்டிய உலோகக் கட்டையில் பதித்து, பிளேடால் அறுத்து ஒட்ட வேண்டும். சாய்வாக அறுத்தால் ஓர் ஒலி அடுத்ததற்குள் மெல்லக் கரையும். நேராக அறுத்தால் 'டக்' என்று தொடங்கும். வெட்டு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போனால் 4 மில்லிநொடிதான் பிசகும். தனியாகக் கேட்டால் காதுக்குத் தெரியாது. ஆனால் அதே பக்கமாக நூறு வெட்டு பிசகினால் 0.4 நொடி, தாளம் போயே போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல தடங்களை ஒரே டேப்பில் பதியும் வசதி அங்கே இல்லை. அடிநாதம் ஒரு டேப், மெட்டு ஒரு டேப், மற்ற ஒலிகள் ஒரு டேப் என்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் ஓடவிட்டு வேறொரு டேப்பில் சேர்த்துப் பதிய வேண்டும். எங்கோ ஒரு சுரம் தவறுகிறது, எந்த வெட்டு என்று பிடிபடவில்லை. டெர்பிஷையரும் அவருக்கு உதவிய டிக் மில்ஸும் டேப்புகளை பிபிசியின் மெய்டா வேல் கட்டடத்தின் நீண்ட நடைக்கூடத்தில் அருகருகே விரித்துப் போட்டு, ஒட்டுக்கு ஒட்டு ஒப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். ஓர் ஒட்டு மட்டும் மற்ற டேப்பின் ஒட்டோடு வரிசை சேராமல் நின்றது. அதுதான் பிழை.

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், 'இதை நானா எழுதினேன்?' என்று வியந்ததாகவும், 'பெரும்பகுதி நீங்கள்தான்' என்று டெர்பிஷையர் சொன்னதாகவும் சொல்வார்கள். டெர்பிஷையரை இணை இசையமைப்பாளராகச் சேர்க்க வேண்டும் என்று கிரெய்னரே விரும்பினார். பிபிசி ஒப்பவில்லை. ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைத் தனியாகப் போடுவதில்லை என்பது அங்கே நடைமுறை.

இந்த நடைமுறை ஆண்களுக்கும் பொருந்தியது; டிக் மில்ஸின் பெயரும்தான் வரவில்லை. ஆகவே இதைப் பெண்களுக்கு எதிரான தனிச் சதி என்று சொல்வது நியாயமாக இருக்காது. ஆனால் ஒரே விதி எல்லோருக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. பெயர் வேண்டும் என்று நினைக்கும் ஆணுக்கு வெளியே இசைத்தட்டு நிறுவனம் இருந்தது, இசைக்குழு இருந்தது, மற்ற ஸ்டூடியோக்கள் இருந்தன. டெர்பிஷையர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு 1959-இல் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள். அவருக்குத் திறந்த கதவு பிபிசி ஒன்றுதான். அங்கே போனால் வேலை உண்டு, பெயர் கிடையாது.

பிபிசியின் கதவு திறந்திருந்ததற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆண் பொறியாளர்கள் படைக்குப் போய்விட, வானொலி பெண்களை எடுத்தது. அப்படி 1943-இல், பதின்ம வயதிலேயே சேர்ந்தவர் டாஃப்னி ஓரம். ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி நேரலையாகப் போகும்போது, அதே இசையின் இசைத்தட்டை மேடையோடு இம்மி பிசகாமல் இணையாக ஓட்டிக்கொண்டிருப்பது அவர் வேலைகளில் ஒன்று. குண்டுவீச்சால் கச்சேரி நின்றால், கேட்பவருக்குத் தெரியாமல் ஒலிபரப்பை இசைத்தட்டுக்கு மாற்றிவிடலாம். நேரடி இசையையும் பதிவு செய்த இசையையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, இரண்டையும் கலந்து புதிதாக எழுதினால் என்ன என்று தோன்றியதில் வியப்பில்லை. 1949 வாக்கில் 'ஸ்டில் பாயிண்ட்' எழுதினார்: இரண்டு ஆர்க்கெஸ்ட்ராக்கள், இசைத்தட்டு ஓட்டிகள், ஐந்து ஒலிவாங்கிகள். அரங்கில் வாசிப்பதையும் தட்டில் பதிந்ததையும் அங்கேயே மாற்றி ஒலிக்கவிட வேண்டும். பிபிசி அதை ஏற்கவில்லை.

இரவில் ஸ்டூடியோ காலியானதும் டேப் இயந்திரங்களை ஓர் அறைக்கு உருட்டிச் சென்று சோதித்து, விடிவதற்குள் இருந்த இடத்தில் வைத்துவிடுவார் ஓரம். பல ஆண்டுகள் வலியுறுத்தி 1958-இல் டெஸ்மண்ட் பிரிஸ்கோவுடன் சேர்ந்து ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கினார். ஆனால் அது நாடகங்களுக்கு ஒலி செய்து கொடுக்கும் பிரிவாகவே வைக்கப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் இசையமைப்பாளர்களாகக் கணக்கில் வரவில்லை. அடுத்த ஆண்டே விலகிய ஓரம், கென்ட் மாவட்டத்தில் ஒரு பழைய பயிர் உலர்த்தும் கட்டடத்தில் சொந்த ஸ்டூடியோ போட்டார். அங்கே அவர் செய்த 'ஓராமிக்ஸ்' இயந்திரத்தில் பத்து 35 மி.மீ. படச்சுருள்கள் அருகருகே ஓடும். அவற்றின் மேல் கையால் மையில் வரைய வேண்டும். ஒளி அந்தக் கோடுகளினூடே போய் ஒளிமின்கலங்களில் விழுந்து மின்னழுத்தமாக மாறி, சுருதி, ஒலியளவு, அதிர்வு, எதிரொலி எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கும் அலைவடிவமோ தனிக் கண்ணாடித் தகட்டில். கணினித் திரையில் இன்று கோடு வரைந்து ஒலியை ஏற்றி இறக்குகிறோமே, ஏறத்தாழ அதே எண்ணம், 1960-களில்.

ஒர்க்‌ஷாப்பில் இருந்த மாடலேனா ஃபாகண்டீனிக்கு நேர்ந்தது இன்னும் நெஞ்சை உறுத்துவது. நிகழ்ச்சிகளுக்கு இடைவேளையில் போட அவர் செய்த தாள ஒலி ஒன்றை எடுத்து, அதன் மேல் வாத்தியங்களைச் சேர்த்து, 1962-இல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பார்லஃபோன் நிறுவனத்தில் ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். உறையில் இருந்த கலைஞர் பெயர் 'ரே கேத்தோடு'. பழைய தொலைக்காட்சித் திரையில் இருந்த கேத்தோடு கதிர்க்குழாயை ('கேத்தோடு ரே') வைத்துச் செய்த சொல் விளையாட்டு அது. அப்படி ஓர் ஆள் கிடையாது. இல்லாத ஓர் ஆணின் பெயர் இசைத்தட்டில் ஏறியது, ஒலியைச் செய்த பெண்ணின் பெயர் ஏறவில்லை. இசைத்தட்டு உறைகளை வைத்து வரலாறு எழுதுகிறவர் எண்ணும்போது, அங்கே ஒரு ஆண் கூடிவிடுகிறார், ஒரு பெண் குறைந்துவிடுகிறார்.

மற்ற நாடுகளிலும் கோலம் ஏறக்குறைய இதுதான். அன்றைய மின்னணு ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் வானொலி நிலையங்களுக்குள் இருந்தன. கொலோன், பாரிஸ், மிலான், வார்சா எல்லாம் அப்படி. உள்ளே போக வேண்டுமென்றால் ஊழியராகவோ உதவியாளராகவோதான் போக முடியும். பாரிஸில் எலியான் ரதீக், இசையமைப்பாளர் பியர் ஆன்ரியின் உதவியாளராக டேப் வெட்டிக்கொண்டிருந்தார். தன் சொந்த இசைக்கு வந்தபோது ஏஆர்பி 2500 சின்தசைசரில் மணிக்கணக்கில் மெல்ல நகரும் ஒலிகளைக் கட்டினார். டென்மார்க்கில் எல்சே மாரி பாடே, அர்ஜென்டினாவிலிருந்து பாரிஸ் வந்த பியாட்ரிஸ் ஃபெரேரா என்று பட்டியல் நீளும். இவர்களில் பலருடைய இசை, பல பத்தாண்டுகள் கழித்தே பரவலாக இசைத்தட்டாக வந்தது.

இந்தியாவிலும் இதன் ஒரு கிளை உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் ஒரு மின்னணு இசை ஸ்டூடியோ அமைந்தது. மூக் சின்தசைசரையும் டேப் இயந்திரங்களையும் அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர். அது அமையக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் பக்கவாஜ் என்ற வட இந்தியத் தாளவாத்தியக் கலைஞர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்றுக்கொடுத்தவர் அவர். அகமதாபாத் ஸ்டூடியோவில் அவரே இசையும் செய்தார். அங்கே பதிந்த டேப்புகளிலிருந்து 2023-இல் ஒரு தொகுப்பு வந்தபோது அதில் இடம்பெற்ற இந்தியர்கள் ஐவர். பெண் அவர் ஒருவர். அதுவரை அவர் பெயர் பெரும்பாலும் கேஜின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

1970-களுக்குப் பிறகு கருவிகள் வானொலி நிலையத்தை விட்டுக் கடைக்கு வந்தன. இனி யாரும் விண்ணப்பம் போட வேண்டாம், பணம் இருந்தால் வாங்கலாம். ஆகவே சமநிலை தானாக வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. கருவி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், கருவியைச் சுற்றியிருந்த கூட்டம்தான் வாசற்படியானது. எலக்ட்ரானிக்ஸ் இதழ்கள் பையன்களுக்கென்று எழுதப்பட்டன. வீட்டுக் கணினி விளம்பரங்களில் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். டிஜே ஆக வேண்டுமென்றால் இசைத்தட்டுக் கடையில் மணிக்கணக்கில் நின்று, கடைக்காரர் கவுன்டருக்குக் கீழே எடுத்து வைத்த புதுத் தட்டைக் கேட்டு வாங்கும் அளவுக்குப் பழக்கம் வேண்டும். நண்பன் வீட்டு டிரம் மெஷினை இரவல் வாங்க வேண்டும். பின்னிரவு மூன்று மணிக்குக் கருவிகளோடு வீடு திரும்ப வேண்டும். எந்தப் பலகையிலும் 'பெண்களுக்கு அனுமதியில்லை' என்று எழுதவில்லை. டெக்காவிடம் கிடைத்த பதிலையாவது மேற்கோள் காட்டலாம்; இதை எதைக் காட்டி நிரூபிப்பது?

படிப்பிலும் இந்தப் பிரிவு அப்படியே இறங்கியது. ஜார்ஜினா பார்னும் கைல் டிவைனும் பிரிட்டன் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரையில், மரபான இசைப் பட்டப்படிப்பில் பெண்கள் பாதிக்குச் சற்று மேல். இசைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பிலோ பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். இரண்டுமே இசைதான். கேபிளும் மென்பொருளும் வந்தவுடன் எண்ணிக்கை கவிழ்ந்துவிடுகிறது.

மடிக்கணினிக் காலத்தில் பெயர் விடுபடும் இடம் மாறியது, விடுபடுவது நிற்கவில்லை. பாடகியாக அறியப்படும் பெண் தன் இசையைத் தானே நிரல்படுத்தினாலும், கூட வேலை செய்த ஆண்தான் அதைச் செய்தார் என்று ஊடகம் எழுதிவிடும். ஈழத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்து, இலங்கையிலும் லண்டனிலும் வளர்ந்த பாடகி எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் தாளமும் அடிநாதமும் போட்டுத் தொடங்கியவர். அவருடைய இசைக்கு, கூட வேலை செய்த தயாரிப்பாளர் டிப்லோதான் மூளை என்பதுபோல் எழுதப்பட்டதை 2007-இல் ஒரு பேட்டியில் நேரடியாகவே எதிர்த்தார். 2015-இல் ஐஸ்லாந்துக் கலைஞர் பியர்க், எம்.ஐ.ஏ.-வுக்கு நேர்ந்ததையும் குறிப்பிட்டு, தனக்கும் அதுவே நடந்ததை விளக்கினார். 'வெஸ்பர்டைன்' ஆல்பத்தின் தாளத் துணுக்குகளில் பெரும்பகுதியைத் தான் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து செய்ததாகவும், கடைசிக் கட்டத்தில் சேர்ந்த ஆண் இருவர் குழுவே முழு ஆல்பத்தையும் செய்ததாகத் தொடர்ந்து எழுதப்பட்டதாகவும் சொன்னார். அவர் காட்டிய காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: கருவிகளின் முன் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களின் புகைப்படங்கள் குறைவு. மைக் முன் நிற்கும் படம் பத்திரிகைக்குப் போகிறது, மிக்ஸிங் மேஜைமுன் இருக்கும் படம் எடுக்கப்படுவதே இல்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 1998-இல் எலக்ட்ரிக் இண்டிகோ என்ற வியன்னாக் கலைஞர் தொடங்கிய 'ஃபீமேல் பிரஷர்' என்ற வலையமைப்பு, 2013 முதல் மின்னணு இசை விழாக்களின் பட்டியல்களை எண்ணி அறிக்கை வெளியிடுகிறது. 2012-இல் பெண் கலைஞர்களின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2020-21-இல் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். எண்ணத் தொடங்கிய பிறகுதான் எண் அசைந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இதுவரை நடந்த வேலைகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். விழா நடத்துபவரிடம் 'பெண்கள் குறைவு' என்று சொன்னால் மறுத்துவிடலாம். அவருடைய சுவரொட்டியையே எண்ணிக் காட்டினால் மறுக்க முடியாது.

ஆனால் எண்ணுவதிலும் ஏமாறலாம். ஒரு விழாவில் 40 நிகழ்ச்சிகள் என்று வைத்துக்கொள்வோம். தனி ஆண்கள் 28, தனிப் பெண்கள் 6, ஆணும் பெண்ணுமான இருவர் குழு 3, நான்கு ஆண்கள் கொண்ட குழு 3. நிகழ்ச்சியாக எண்ணினால் பெண்கள் 15%. ஒரு பெண்ணாவது இருக்கும் நிகழ்ச்சிகள் என்று எண்ணினால் 22.5%; விளம்பரத்துக்கு நடத்துபவர்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். ஆட்களாக எண்ணினால் 52 பேரில் 9 பேர், அதாவது 17.3%. மூன்றும் பிழையில்லை, மூன்றும் வேறு. எந்த முறை என்று முதலிலேயே எழுதிவிட்டு, ஆண்டுதோறும் அதே முறையில் எண்ண வேண்டும். கலப்புக் குழுவைப் பெண் கணக்கில் போடாமல் தனிப் பத்தியில் வைக்க வேண்டும். ஒருவரின் பாலினத்தைப் பெயரை வைத்து ஊகிக்காமல், அவரே தன்னைப் பற்றி எழுதியிருப்பதிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டிலும் சேராதவர்களுக்குத் தனி இடம் வேண்டும். தெரியாததைத் 'தெரியவில்லை' என்றே விட வேண்டும். இதோடு நேரத்தையும் குறித்தால்தான் படம் முழுமையாகும். ஆறு பெண்களும் கூட்டம் வராத மாலை ஐந்து மணிக்கும், சிறிய அறையிலும் வாசித்தால், 15% என்ற எண்ணே உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

விழா நடத்துபவர்கள் சொல்லும் சமாதானம், 'தேடினோம், கிடைக்கவில்லை' என்பது. எங்கே தேடினார்கள் என்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டுப் பட்டியல், இரண்டு மூன்று முகவர்கள், மற்ற விழாக்களின் சுவரொட்டி: இந்த மூன்றிலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள். அதிலும் கடைசி ஆறு வாரத்தில் பட்டியலை நிரப்பினால், கைபேசியில் எண் இருப்பவரைத்தான் கூப்பிட முடியும். 2018-இல் 'கீசேஞ்ச்' என்ற பாலினச் சமநிலை முயற்சியில் 45 விழாக்கள் சேர்ந்து, 2022-க்குள் பாதிக்குப் பாதி என்று கெடு வைத்ததன் நடைமுறைப் பயன் இதில் இருக்கிறது: கெடு முன்கூட்டியே தெரிந்தால் தேடல் முன்கூட்டியே தொடங்கும்.

ஸ்டூடியோவில் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு தாள் போதும். ஆனால் அதை வேலை முடிந்த அன்றே, எல்லோரும் அறையில் இருக்கும்போதே எழுத வேண்டும். பாட்டின் பெயர், தேதி, மென்பொருள் கோப்பின் பெயர். மெட்டு யார், தாள நிரல் யார், ஒலி வடிவமைப்பு யார், பதிவு யார், மிக்ஸிங் யார் என்று தனித்தனியாக. 'உதவி' என்ற சொல்லை எங்கும் எழுதக் கூடாது; செய்த வேலையின் பெயரை எழுத வேண்டும். ராயல்டிப் பங்கு சதவீதத்தில், கூட்டினால் 100 வர வேண்டும். இசையமைத்தவர்களை அடையாளம் காட்ட உரிமைச் சங்கம் தந்த ஐபிஐ எண், ஒலிப்பதிவை அடையாளம் காட்ட எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு. கீழே எல்லோருடைய கையெழுத்து. எண்கள் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் பணம் வழிதவறும். இணையத்தில் பதிவேற்றும் படிவத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால், கணக்கு வைத்திருப்பவரின் பெயரே அங்கே போய் உட்காரும். ஆறு மாதம் கழித்துத் திருத்தலாம் என்று விட்டால், அதற்குள் நூறு இடங்களில் அந்தத் தவறு நகலாகியிருக்கும்.

டெர்பிஷையர் இறந்த பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 டேப் சுருள்கள் கிடைத்தன. இன்று மான்செஸ்டரில் பாதுகாக்கப்படுகின்றன. ஓரமின் தாள்களும் டேப்புகளும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இருக்கின்றன. 'ஸ்டில் பாயிண்ட்' இசையை அப்படிக் கிடைத்த கைப்பிரதிகளிலிருந்து ஷீவா ஃபெஷாரெக்கியும் ஜேம்ஸ் புல்லியும் மீட்டெடுத்தார்கள். 2018 ஜூலையில் லண்டன் கன்டெம்பரரி ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, இசைத்தட்டுகளை ஃபெஷாரெக்கி இயக்க, பிபிசி நடத்தும் பிராம்ஸ் இசைவிழாவில் அது அரங்கேறியது. இடம் ராயல் ஆல்பர்ட் ஹால். போர்க்காலத்தில் டாஃப்னி ஓரம் மேடைக்கு இணையாக இசைத்தட்டு ஓட்டிக்கொண்டிருந்த அதே கட்டடம். நிகழ்ச்சி நிரலில், இசையமைப்பாளர் என்ற இடத்தில், அவர் பெயர் இருந்தது.